பிரசவத்துக்கு முன்னும் பின்னும் மனதைக் கவனிப்பது யார்?

கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி ஏராளமான எண்களைக் குறித்துவைக்கிறார்கள். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, ஸ்கேனில் தெரியும் குழந்தையின் வளர்ச்சி என்று அந்தக் கோப்பு மாதாமாதம் தடித்துக்கொண்டே போகும். அவர் மனசு எப்படி இருக்கிறது என்ற தகவல் மட்டும் பெரும்பாலும் அதில் இருக்காது. பிரசவம் முடிந்ததும் எல்லார் பார்வையும் குழந்தைமேல் திரும்பிவிடுகிறது. பால் குடித்ததா, தூங்கியதா, எடை ஏறியதா? பெற்றவரைப் பற்றிய விசாரிப்பு தையல் ஆறியதா என்பதோடு நின்றுவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகெங்கும் கர்ப்பிணிகளில் சுமார் 10 சதவீதம் பேரும், அண்மையில் குழந்தை பெற்ற பெண்களில் சுமார் 13 சதவீதம் பேரும் ஏதோ ஒரு மனநலக் கோளாறால் அவதிப்படுகிறார்கள். பெரும்பாலும் அது மனச்சோர்வு. வளரும் நாடுகளில் இது இன்னும் அதிகம்: கர்ப்பத்தில் 15.6 சதவீதம், பிரசவத்துக்குப் பிறகு 19.8 சதவீதம். அதாவது குழந்தை பெற்ற ஐந்து பேரில் ஒருவர்.

இவ்வளவு பரவலான ஒன்று எப்படிக் கண்ணில் படாமல் போகிறது? நாம் தேடும் விதத்தில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். பிரசவம் முடிந்த முதல் சில வாரங்களில், அழுதுகொண்டிருக்கும் ஓர் அம்மாவைத் தேடுகிறோம். ஆனால் பாதிக்கப்பட்டவர் அந்த வாரங்களில் இல்லாமல் இருக்கலாம், அழாமல் இருக்கலாம், அம்மாவாகக்கூட இல்லாமல் இருக்கலாம்.

எப்போது தொடங்குகிறது?

முதலில் அந்த அழுகையைப் பற்றிப் பேசிவிடலாம். பிரசவமான மூன்றாவது, நான்காவது நாளில் பலருக்குக் காரணமே இல்லாமல் கண்ணீர் வரும். யாராவது அன்பாக இரண்டு வார்த்தை பேசினால் அழுகை, அடுத்த நிமிடம் சிரிப்பு. ‘பேபி ப்ளூஸ்’ என்று மருத்துவர்கள் சொல்லும் இது பாதிக்கும் மேற்பட்ட அம்மாக்களுக்கு வருகிறது. சில கணக்குகள் 80 சதவீதம் வரை சொல்கின்றன. இது நோய் இல்லை. தூக்கமும் பக்கத்தில் ஒரு துணையும் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை என்றாலோ, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனாலோ, அது வேறு விஷயம். அதைப் ‘பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம்’ என்று விட்டுவிடக் கூடாது.

அந்த மனச்சோர்வு பிரசவத்துக்குப் பிறகுதான் முளைக்கும் என்பதும் பாதி உண்மைதான். அமெரிக்காவில் குழந்தை பெற்ற 10,000 பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. கேள்வித்தாளில் மனச்சோர்வின் சாயல் தெரிந்த பெண்களை விரிவாக விசாரித்தபோது, பிரசவத்துக்குப் பிறகு அது தொடங்கியவர்கள் 40 சதவீதம்தான். 33 சதவீதம் பேருக்குக் கர்ப்ப காலத்திலேயே தொடங்கியிருந்தது. மீதி 27 சதவீதம் பேருக்குக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே இருந்தது. ஆக, பத்தில் ஆறு பேர் ஏற்கெனவே அந்தச் சுமையோடுதான் பிரசவ அறைக்குள் போயிருக்கிறார்கள். அத்தனை செக்கப்புகளுக்கு வந்துபோயும் யாரும் கேட்கவில்லை. அதே 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய் வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டபோது, ‘பிரசவத்துக்குப் பின்’ என்று மட்டும் இருந்த குறிப்பைக் கர்ப்ப காலத்தையும் சேர்த்து விரித்தது.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சாயல் தெரிந்த பெண்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் பைபோலார் எனப்படும், அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறு இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அதுவும் சோர்வாகத்தான் தெரியும். ஆனால் அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் நிலைமை மோசமாகக்கூடும். முறையான மருத்துவ மதிப்பீடு ஏன் வேண்டும் என்பதற்கு இந்த ஒன்று போதும்.

ஏன் சிலருக்கு மட்டும்?

கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் பல மடங்கு ஏறுகின்றன. நஞ்சுக்கொடி வெளியேறிய சில நாட்களிலேயே அடித்தளத்துக்கு வந்துவிடுகின்றன. இந்தச் சரிவு பிள்ளை பெறும் எல்லோருக்கும் நடப்பதுதான். பிறகு ஏன் சிலர் மட்டும் நொறுங்கிப்போகிறார்கள்? 2000-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதற்கு நல்ல தடயம் கொடுத்தது. முன்பு பிரசவ மனச்சோர்வு வந்து குணமான எட்டுப் பெண்கள், அது வந்தே இராத எட்டுப் பெண்கள். இரு குழுவுக்கும் மருந்து மூலம் கர்ப்பத்தில் இருப்பதுபோல ஹார்மோன் அளவை ஏற்றி, பிறகு சட்டென்று நிறுத்தினார்கள். முதல் குழுவில் ஐந்து பேருக்கு மனநிலை சரிந்தது. இரண்டாவது குழுவில் ஒருவருக்குக்கூட இல்லை. கொடுத்தது ஒரே மருந்து, ஒரே அளவு. அப்படியென்றால் வேறுபாடு ஹார்மோன் அளவில் இல்லை. அந்த ஏற்ற இறக்கத்துக்குச் சிலரின் மூளை காட்டும் கூர்மையான எதிர்வினையில் இருக்கிறது. ‘மன தைரியம் பத்தலை’ என்று ஒருவரைக் குறை சொல்வதற்கு இதில் இடமே இல்லை.

உடம்பு பாதிக் கதைதான். முன்பு மனச்சோர்வோ மனப்பதற்றமோ வந்தவர்கள், வீட்டில் அடி உதைக்கு ஆளாகிறவர்கள், கருச்சிதைவையோ குழந்தை இறப்பையோ கண்டவர்கள், துணையின் ஆதரவு இல்லாதவர்கள், பணக்கஷ்டத்தில் இருப்பவர்கள், திட்டமிடாத கர்ப்பத்தைச் சுமப்பவர்கள், பயமுறுத்திய பிரசவத்தைக் கடந்தவர்கள், குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் விட்டுவிட்டு வெறும் கையோடு படுக்கைக்குத் திரும்பியவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். இதில் பெரும்பகுதி முன்கூட்டியே தெரியக்கூடியது. அதனால்தான் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவ வல்லுநர் குழு 2019-இல், ஆபத்து அதிகமுள்ள கர்ப்பிணிகளுக்கு மனச்சோர்வு வரும்வரை காத்திராமல் முன்னதாகவே ஆலோசனைச் சிகிச்சை கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது.

ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் மனச்சோர்வைப் போலவே சோர்வு, மந்தம், பதற்றம் எல்லாம் காட்டும். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் தைராய்டு அழற்சி வருவது அரிதல்ல. ஒரு ரத்தப் பரிசோதனையில் இது தெளிவாகிவிடும்.

அழாத மனச்சோர்வு

பலருக்கு இது சோகமாக வருவதில்லை, கோபமாக வருகிறது. சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவது, பிறகு அதற்காக மணிக்கணக்கில் குற்ற உணர்ச்சியில் வேகுவது. சிலருக்கு எதுவுமே தோன்றாத மரத்த நிலை. குழந்தையைக் குளிப்பாட்டுகிறார், பால் கொடுக்கிறார், எல்லா வேலையும் ஒழுங்காக நடக்கிறது, ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ‘எவ்வளவு பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார்’ என்று பாராட்டுவார்கள். சிலருக்குப் பதற்றம்: குழந்தை மூச்சு விடுகிறதா என்று இரவு முழுக்க எழுந்து எழுந்து பார்ப்பது, குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராமல் கிடப்பது. இந்தக் கடைசி அடையாளம் முக்கியமானது. குழந்தை தூங்கவிடாததால் தூங்க முடியவில்லை என்றால் அது களைப்பு. குழந்தை அயர்ந்து தூங்கும்போதும், வேறொருவர் பார்த்துக்கொள்ளும்போதும் தூக்கம் வரவில்லை என்றால் கவனிக்க வேண்டும்.

யாரும் வாய் திறந்து சொல்லாத ஒன்று உண்டு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் நிற்கும்போது, ‘கீழே போட்டுவிட்டால்?’ என்று ஒரு எண்ணம் மின்னல்போல வெட்டும். கத்தியைக் கையில் எடுத்தால், குளிப்பாட்டத் தண்ணீர் ஊற்றினால், நினைக்கவே கூசும் காட்சிகள் கண்முன் ஓடும். இப்படி அழையாமல் வரும் எண்ணங்கள் புதிதாகப் பெற்றோரானவர்களிடம் மிகமிகச் சாதாரணம். தெரிந்தே குழந்தைக்குத் தீங்கு செய்வதுபோன்ற எண்ணம்கூடப் புதிய அம்மாக்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வந்திருப்பதாக 2008-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அந்த எண்ணம் வந்ததும் அவர் நடுங்கிப்போகிறார் என்பதே, அவருக்கு அதில் துளியும் விருப்பம் இல்லை என்பதைக் காட்டுகிறது. இது ஓ.சி.டி. (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஆட்டிப்படைக்கும் கோளாறு) வகையாகத் தீவிரமாகி, பயத்தில் குழந்தையைத் தொடவே மறுக்கும் நிலைக்குப் போனாலும் நல்ல சிகிச்சை உண்டு. ‘சொன்னால் குழந்தையை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்கள்’ என்ற பயத்தில் எத்தனையோ பேர் மாதக்கணக்கில் இதை ஒளித்து வைத்துக்கொண்டு வதைபடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தி யாரிடமாவது போய்ச் சேர வேண்டும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: அந்த எண்ணம் வந்ததால் நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை. பயப்படாமல் மருத்துவரிடம் சொல்லலாம்.

இதிலிருந்து முற்றிலும் வேறானது பிரசவத்துக்குப் பிந்தைய சைக்கோசிஸ், அதாவது நிஜம் எது என்ற பிடியே நழுவிப்போகும் நிலை. ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவில் வருவது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், சட்டென்று. இரண்டு நாள் தூக்கமே இல்லாவிட்டாலும் களைப்பே தெரியாது. பேச்சு தாறுமாறாகும், இல்லாத குரல் கேட்கும், குழந்தையைப் பற்றி விசித்திரமான நம்பிக்கைகள் வரும், குழப்பம் மணிக்கு மணி மாறும். இங்கே அந்த எண்ணங்கள் அவருக்குப் பயங்கரமாகத் தோன்றாது, நியாயமாகத் தோன்றும். இது அவசர சிகிச்சைக்கான நிலை. அவரையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பைபோலார் உள்ளவர்களுக்கும் முன்பு ஒரு முறை இது வந்தவர்களுக்கும் ஆபத்து பல மடங்கு என்பதால், கர்ப்பத்திலேயே திட்டம் போட்டு வைத்திருக்க வேண்டும். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள்.

அப்பாக்கள்

2010-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு, துணையின் கர்ப்ப காலத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை அப்பாக்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு வருவதாகச் சொன்னது. குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் காலத்தில் அது உச்சத்தில் இருந்தது. அம்மாவுக்கு மனச்சோர்வு இருக்கும் வீட்டில் அப்பாவுக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். ஆண்களிடம் இது வேலையில் மூழ்கிப்போவதாக, வீட்டுக்கு வரத் தாமதிப்பதாக, குடி கூடுவதாக, எரிச்சலாக, முதுகுவலி தலைவலியாக வெளிப்படும். வீட்டில் ‘பொறுப்பில்லாமல் இருக்கிறான்’ என்று பேச்சு வரும். ‘உனக்கு எப்படி இருக்கிறது?’ என்று யாரும் கேட்க மாட்டார்கள். மனைவிக்குத் துணை நிற்க வேண்டியவர் என்ற ஒரே இடத்தில் நிறுத்திவைத்தால், அவருக்கும் துணை தேவைப்படும் என்பது மறந்துபோகிறது. தத்தெடுத்த பெற்றோருக்கும் இதெல்லாம் வரும். கர்ப்பம் பாதியில் முடிந்துபோனவர்களுக்கும் வரும். கையில் குழந்தை இல்லாததால் அவர்களை யாரும் எந்தப் பட்டியலிலும் வைப்பதில்லை.

எப்படிக் கேட்பது?

ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி ஆகிய மூவர் 1987-இல் வெளியிட்ட, பிரசவ மனச்சோர்வின் சாயலை அறிய உதவும் எடின்பரோ அளவுகோல்தான் இன்றும் உலகெங்கும் அதிகம் பயன்படுவது. பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றியவை. மொத்தம் 30 மதிப்பெண். தமிழிலும் இது பெயர்க்கப்பட்டுச் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. பிள்ளை பெற்ற எவருக்கும் களைப்பும் தூக்கக் குறைவும் பசி மாற்றமும் இருக்கும் என்பதால், அந்த உடல் அறிகுறிகளை அது எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. தூக்கம் பற்றி இருக்கும் ஒரே கேள்வியும், மனவருத்தத்தால் தூங்க முடியாமல் போனதா என்றுதான் கேட்கிறது. பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்ற பக்கம் பதில் வந்தால் அன்றே பேச வேண்டும். அப்படிக் கேட்பதால் புதிதாக அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை.

இது நோயைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை, யாரிடம் விரிவாகப் பேச வேண்டும் என்று காட்டுவது மட்டுமே. கணவரும் மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, படிவத்தை நீட்டி ‘டிக் பண்ணுங்க’ என்றால் எல்லாருக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். தனியாக, அவசரமில்லாமல் கேட்க வேண்டும். மதிப்பெண் அதிகமாக வந்தால் அடுத்து யாரிடம் அனுப்புவது என்ற ஏற்பாடு இல்லாமல் படிவம் மட்டும் நிரப்புவதால் பயனில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்குப் படிவம் தேவையில்லை. ‘கொஞ்ச நாளா எதிலயுமே மனசு ஒட்டலையா?’, ‘மனசு ரொம்பக் கனமா இருக்கா?’ என்ற இரண்டு கேள்வி போதும். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். ‘எல்லாரும் பெத்துக்கலையா’, ‘குழந்தை முகத்தைப் பார்த்தா எல்லாம் மறந்துபோயிடும்’ என்ற பதில்களைக் கேட்டவர் இரண்டாம் முறை வாய் திறக்க மாட்டார்.

எது உதவுகிறது?

எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த ஆய்வு, பாகிஸ்தானின் ராவல்பிண்டி பகுதிக் கிராமங்களில் நடந்தது. 2008-இல் அதன் முடிவுகள் வெளியாயின. மனநல நிபுணர்கள் இல்லாத இடம் அது. ஏற்கெனவே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் மெல்ல மாற்ற உதவும் அறிதல் நடத்தைச் சிகிச்சையின் எளிய வடிவத்தை அவர்கள் மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளிடம் கொண்டுபோனார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் தொடங்கி, குழந்தைக்குப் பத்து மாதம் ஆகும்வரை வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, அவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு நீடித்தது. வழக்கமான வருகை மட்டும் கிடைத்தவர்களில் அது 53 சதவீதம். பின்னாளில் உலக சுகாதார நிறுவனமே இந்த முறையைக் கையேடாக வெளியிட்டது. நிபுணர் கிடைக்கவில்லை என்பது இனி ஒரு காரணமாக இருக்க முடியாது.

மருந்து என்றாலே ‘பால் கொடுக்கிறாளே, கூடாது’ என்பார்கள். செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன. தேவைப்பட்டால் மருத்துவர்கள் தயங்காமல் தருகிறார்கள். எல்லா மருந்தும் அப்படி இல்லை. வலிப்புக்கும் பைபோலாருக்கும் தரப்படும் வால்புரோயேட் கருவில் உள்ள குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு தரக்கூடியது என்பதால் கர்ப்பத்தில் தவிர்க்கப்படுகிறது. கர்ப்பம் என்று தெரிந்ததும் பழைய மாத்திரையைத் தானாகவே நிறுத்துவதும் ஆபத்து. நோய் திரும்ப வரக்கூடும். மருந்தின் ஆபத்தைத் தனியாக வைத்துப் பேசுவது சரியல்ல. சிகிச்சை இல்லாத மனச்சோர்வும் குறைமாதப் பிரசவம், பால் கொடுப்பதில் சிரமம், குழந்தையோடு ஒட்டாமை என்று தன் விலையை வாங்கும். இரண்டையும் எதிரெதிரே வைத்து மருத்துவரோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். இதற்கென்றே உருவான மருந்துகளும் வந்துவிட்டன: 2019-இல் அமெரிக்கா அனுமதித்த பிரெக்ஸனலோன் 60 மணி நேரம் நரம்பு வழியாக ஏற்றப்பட்டது (2024 இறுதியோடு அதன் விற்பனை நிறுத்தப்பட்டது), 2023-இல் அனுமதி பெற்ற சுரனலோன் 14 நாள் சாப்பிடும் மாத்திரை.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது தூக்கத்தை. துண்டு துண்டாக எட்டு மணி நேரம் கிடைப்பதைவிட, இடையில் யாரும் எழுப்பாத நான்கைந்து மணி நேரம் பெரிது. இரவில் ஒரு முறை பாலூட்டுவதை வேறொருவர் ஏற்றுக்கொள்ளலாம். பாலைப் பீய்ச்சி வைக்கலாம். அப்புறம், உதவ வருகிறவர்கள் குழந்தையை வாங்கிக் கொஞ்சிக்கொண்டிருக்க, அம்மா எழுந்து அவர்களுக்கு உபசாரம் செய்யும் நிலை வரக் கூடாது. ‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்று சொன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். ‘நாளைக்குக் காலையில் வந்து துணி துவைத்துவிட்டு, மதியம்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு’ என்பது உதவி. தாய்ப்பால் போதவில்லை என்ற பேச்சு ஓர் அம்மாவை எவ்வளவு காயப்படுத்தும் என்பதையும் சுற்றியிருப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

இந்த உதவியெல்லாம் முதல் ஆறு வாரங்களில் குவிந்து, பிறகு காணாமல் போய்விடுகிறது. மருத்துவமனையின் கடைசிப் பரிசோதனையும் அத்தோடு முடிகிறது. பிரிட்டனில் பேறுகால மரணங்களைத் தொடர்ந்து ஆராயும் அறிக்கைகள், பிரசவமாகி ஆறு வாரத்துக்கும் ஓராண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நேரும் தாய்மார் மரணங்களுக்குத் தற்கொலையே முதன்மைக் காரணங்களில் ஒன்று என்று ஆண்டுக்கு ஆண்டு சொல்லிவருகின்றன. எல்லாரும் கிளம்பிப்போன பிறகு, விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் நேரத்தில், குழந்தை நன்றாகத் தவழ்ந்துகொண்டிருக்கும்போது இது நடக்கிறது. ஒருவர் ‘நான் இல்லாவிட்டால்தான் இவர்களுக்கு நல்லது’ என்பதுபோலப் பேசினால், தனியே விடாமல் உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும். குழந்தைக்கு முதல் ஆண்டு முழுக்கத் தடுப்பூசி அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு ஊசிக்கும் அம்மாவோ அப்பாவோ நேரில் வருகிறார்கள். அந்த வருகைகளிலேயே இரண்டு கேள்வியைச் சேர்க்கலாம். தாய் சேய் நலச் சேவைகளோடு மனநலத்தையும் இணைப்பதற்கான வழிகாட்டியை உலக சுகாதார நிறுவனம் 2022-இலேயே வெளியிட்டுவிட்டது.

ஒரு முறை மனச்சோர்வு வந்து மீண்டவர்கள் அடுத்த குழந்தையை நினைத்தாலே பயப்படுகிறார்கள். திரும்ப வர வாய்ப்பு உண்டுதான். ஆனால் இந்த முறை அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி, மருந்தைத் தொடர்வதா மாற்றுவதா என்று முடிவு செய்யலாம். சென்ற முறை முதலில் தெரிந்த அடையாளம் எது என்று ஒரு தாளில் எழுதி, துணையிடமும் நெருங்கிய ஒருவரிடமும் கொடுத்து வைக்கலாம். இரவில் யார் எந்த நேரத்துக்குப் பொறுப்பு, மூன்றாவது மாதத்தில் யார் வந்து தங்குவது, எந்த நிலையில் யாருக்குப் போன் செய்வது என்பதெல்லாம் எட்டாம் மாதத்துக்குள் பேசி முடிவாகியிருக்க வேண்டும்.